கேப் டவுன் அணில் புதைத்த கொட்டையை எப்படித் திரும்பக் கண்டுபிடிக்கிறது?

கேப் டவுனின் கம்பெனி கார்டன் பூங்காவில் அணில் கொட்டையைப் புதைப்பதைப் பார்த்த நீங்கள், அதை எப்படித் தேடி எடுக்கும், கூடு எங்கே, நம் டர்பனில் ஏன் இது இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது வட அமெரிக்கச் சாம்பல் அணில். கேப் காலனியின் முன்னாள் பிரதமர் சிசில் ரோட்ஸ் 1900 வாக்கில் கேப்புக்குக் கொண்டுவந்தது. ஓக், பைன் மரங்களை நம்பி வாழ்வதால் தென்மேற்குக் கேப்பைத் தாண்டிப் பரவவில்லை.

கொட்டைகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிக்காது. ஒரு குழிக்கு ஒரு கொட்டை. முன்கால்களால் சில சென்டிமீட்டர் தோண்டி, கொட்டையை மூக்கால் அழுத்தி, மண்ணைத் தள்ளி, மேலே சருகை இழுத்துவிடும். வேறு அணில் பார்த்தால், வாயில் கொட்டையை வைத்துக்கொண்டே வெறுங்குழியை மூடிக் காட்டும்! சில ஓக் கொட்டைகள் விழுந்ததுமே முளைவிடும். அவற்றின் முளைக்கருவைக் கடித்து எடுத்துவிட்டுப் புதைப்பதும் உண்டு. எத்தனை நுணுக்கமான வேலை! திரும்ப எடுக்க இடத்தின் நினைவுதான் முக்கியம், அப்புறம் மோப்பம். தப்பிய கொட்டைகள் மரமாகலாம்.

கூடு இரண்டு வகை. மரப்பொந்து கிடைத்தால் அதுவே வீடு. இல்லையென்றால் உயரக் கிளைக்கவட்டில் இலையோடு கடித்தெடுத்த குச்சிகளைப் பின்னிப் பந்துபோல் கட்டும். உள்ளே பாசி, புல், உரித்த மரப்பட்டை நார் என மெத்தை.

சரி, நம் பக்கம் அணிலே இல்லையா? டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் உண்டு. எம்டுன்சினி ஊருக்கு அருகே இங்கோயே காட்டில் மண்ணின் சொந்தச் செவ்வணில் வாழ்கிறது. அவசியம் போய்ப் பாருங்கள்.