கூட்டம் நடத்தும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு: மதுரை வட்டாரக் கேள்விகளும் பதில்களும்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பணியாற்றும் உறுப்பினர்கள், பணியிடக் கூட்டங்களை நடத்துவது குறித்து அனுப்பிய கேள்விகளுக்கு, ஆலை ஒன்றின் மனிதவளப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற மூத்த உறுப்பினர் பதிலளிக்கிறார்.

கேள்வி (உற்பத்திப் பிரிவு மேற்பார்வையாளர், கப்பலூர் தொழிற்பேட்டை): ஐயா, காலை ஷிப்ட் தொடங்கும்போது நாங்கள் நடத்தும் கால் மணி நேரக் கூட்டம் பெரும்பாலும் முக்கால் மணி நேரமாக நீண்டுவிடுகிறது. இதை எப்படிச் சுருக்குவது?

பதில்: நிலவரத்தைச் சொல்வதும் பிரச்சினையைத் தீர்ப்பதும் உங்கள் கூட்டத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டன என்று நினைக்கிறேன். மூன்றாம் எண் பிரஸ்ஸில் எண்ணெய் கசிகிறது என்று ஆபரேட்டர் சொன்னவுடன், போன வாரமே சீல் கேட்டிருந்தேன் என்று பராமரிப்புப் பிரிவுக்காரர் சொல்வார். இண்டென்ட், அதாவது பொருள் கேட்கும் சீட்டு, வரவேயில்லை என்று ஸ்டோர்காரர் மறுப்பார். மற்றவர்கள் அனைவரும் சுவரில் சாய்ந்துகொண்டு அந்த மூவரையும் வேடிக்கை பார்ப்பார்கள். அப்போது நீங்கள் கசிவைப் பலகையில் எழுதிவிட்டு, கூட்டம் முடிந்ததும் அந்த மூவரும் இயந்திரத்தருகே நிற்க வேண்டும், நானும் வருகிறேன் என்று சொல்லி, அடுத்தவரிடம் போய்விட வேண்டும். நேற்று எவ்வளவு முடிந்தது, இன்று எது தடையாக இருக்கிறது, பாதுகாப்பில் ஏதேனும் குறை உண்டா என்பவற்றைத் தவிர வேறெதையும் அந்தக் கால் மணி நேரத்துக்குள் அனுமதிக்காதீர்கள். தாமதமாக வருபவருக்காகச் சொன்னதையே திரும்பச் சொல்லும் வழக்கமும் வேண்டாம். அது நேரத்துக்கு வந்தவர்களுக்கு நாம் விதிக்கும் தண்டனை.

கேள்வி (கூட்டுறவுச் சங்க ஊழியர், உசிலம்பட்டி): எங்கள் கூட்டங்களில் ஒருவர், எதை முன்வைத்தாலும் மறுக்கிறார். அவரை எப்படிக் கையாள்வது?

பதில்: உங்களுக்கு இருக்கும் தொல்லை ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழமையானது. திருநெல்வேலிக்கு அருகே மானூரில், பாண்டிய மன்னன் மாறஞ்சடையன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 800-ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று, ஊர்ச்சபையில் அமர்ந்து பேசுவதற்கு யாருக்குத் தகுதி உண்டு என்பதை வரையறுக்கிறது. எடுத்துக்கொள்ளும் காரியம் ஒவ்வொன்றையும் வேண்டாம், வேண்டாம் என்று தடுத்துக்கொண்டே இருப்பவர்களும் அவர்களுக்குத் துணைநிற்பவர்களும் ஐந்து காசு தண்டம் செலுத்த வேண்டும் என்றும் அதே கல்வெட்டு சொல்கிறது. சபையோர் எவ்வளவு அலுத்துப்போயிருந்தால் அதைக் கல்லில் வெட்டி வைத்திருப்பார்கள்!

நம்மால் தண்டம் விதிக்க முடியாது. ஆனால் பேசப்போகும் பொருள்களை முந்தைய நாளே அனைவருக்கும் அனுப்பி, மறுப்பு இருந்தால் மாற்று யோசனையோடு வரும்படி கேட்டுக்கொள்ளலாம். கூட்டத்தில் அவர் மறுக்கும்போது வாதாடாமல், அவருடைய மறுப்பை அவர் பெயரோடு நடவடிக்கைக் குறிப்பில் எழுதி, எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். பெயரோடு பதிவாகிறது என்று தெரிந்தால் பொழுதுபோக்கு மறுப்புகள் தாமாகவே குறைந்துவிடும். அவர் வாயை அடைப்பதை மட்டும் நோக்கமாகக் கொள்ளாதீர்கள். வரவுசெலவுக் கணக்கை முழுதாகப் படித்துவிட்டு வந்தவர் அவர் ஒருவராகவே இருக்கவும் கூடும்.

கேள்வி (செவிலியர் கண்காணிப்பாளர், தனியார் மருத்துவமனை, கே.கே. நகர்): கூட்டத்தில் இளையவர்கள் வாயே திறப்பதில்லை, வெளியே வந்ததும் கேன்டீனில் எல்லாவற்றையும் பேசுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, முதலில் பேசுபவர் யார் என்று கவனியுங்கள். பெரும்பாலும் அது நீங்களாகவோ மூத்த மருத்துவராகவோ இருக்கும். நம் ஊரில் பெரியவர் ஒரு கருத்தைச் சொன்ன பிறகு இளையவர் வேறொன்றைச் சொன்னால், அது எதிர்த்துப் பேசியதாகவே கொள்ளப்படும் என்பதால், உங்கள் கருத்து வெளிவந்த கணத்திலேயே அவர்களுடைய கருத்து உள்ளே போய்விடுகிறது. ஆகவே பணியில் இளையவரிலிருந்து தொடங்கி மேல்நோக்கி வாருங்கள். நீங்கள் கடைசியாகப் பேசுங்கள்.

யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று பொதுவாகக் கேட்பதும் பயன் தராது, ஏனெனில் அந்தக் கேள்வி எவரையும் நோக்கிக் கேட்கப்படுவதில்லை. அதற்குப் பதிலாக, இரவுப் பணியிலிருந்த ஒருவரைப் பார்த்து, நேற்றிரவு பணி மாறும்போது நோயாளிகளைப் பற்றிய விவரங்களில் எது உங்களுக்குக் கிடைக்காமல் போனது என்று கேட்டுப் பாருங்கள். அவரிடம் இருப்பதை அவரால் சொல்லிவிட முடியும். கருத்து வேறுபாடு வரக்கூடிய விஷயமாக இருந்தால், பேச்சைத் தொடங்குமுன் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்துப் பெயரில்லாமல் எழுதச் செய்து, நீங்களே வாசியுங்கள். சீட்டைப் படித்ததும் கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முயலும் மேலாளர்களும் உண்டு. அப்படி ஒருமுறை நடந்துவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் எந்த முறையைக் கையாண்டாலும் ஒருவரும் பேசமாட்டார்கள்.

கேள்வி (மென்பொருள் குழுத் தலைவர், வடபழஞ்சி): எங்கள் குழுவில் பாதிப்பேர் அலுவலகத்திலும், சிலர் வீட்டிலும், சிலர் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். இணையவழிக் கூட்டம் சரியாக நடப்பதில்லை.

பதில்: அலுவலகத்தில் இருப்பவர்களும் தத்தம் கணினியிலிருந்தே ஹெட்ஃபோன் அணிந்து கலந்துகொள்ளட்டும், ஓர் அறையில் சேர்ந்து உட்கார்ந்தால் அவர்களுக்குள் பேசிச் சிரிப்பது மற்றவர்களுக்கு வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். அமெரிக்காவில் மார்ச் மாதத்திலும் நவம்பர் மாதத்திலும் கடிகாரத்தை மாற்றுகிறார்கள் என்பதால், நியூயார்க் நேரப்படி காலை 10 மணிக்கு வைக்கும் கூட்டம் நமக்குக் கோடையில் இரவு 7.30 மணிக்கும் குளிர்காலத்தில் 8.30 மணிக்கும் வரும். எப்போதும் நம்மவர்களே இரவில் விழித்திருக்க வேண்டியதில்லை, மாதத்தில் பாதிக் கூட்டங்களை அவர்கள் அதிகாலையில் எழும்படி வையுங்கள்.

கேள்வி (கணக்காளர், மேலூர்): நடவடிக்கைக் குறிப்பு எழுதும் வேலை எனக்கு வந்திருக்கிறது. எப்படி எழுதுவது?

பதில்: உங்கள் ஊரிலேயே ஏதேனும் ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவின் தீர்மான நோட்டை வாங்கிப் பாருங்கள். நன்றாக நடக்கும் குழுவில், யாருக்கு எவ்வளவு கடன், எதற்காக, எத்தனை தவணை என்பதைக் கூட்டத்திலேயே எழுதி, வாசித்து, எழுந்துபோகும் முன் உறுப்பினர்கள் அனைவரும் கையெழுத்திடுகிறார்கள். நிறுவன இயக்குநர் குழுக் கூட்டத்தின் குறிப்பைப் பதிவு செய்ய 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 30 நாள் அவகாசம் தருகிறது. ஆனால் சாதாரண அலுவலகக் கூட்டத்துக்கு அவ்வளவு நாள் எடுத்துக்கொண்டால், என்ன முடிவானது என்பதையே ஆளுக்கொரு விதமாக நினைவுகூர்வார்கள்.

யார் என்ன பேசினார்கள் என்பதையெல்லாம் எழுத வேண்டாம். ‘பழுதான எடை இயந்திரம் விரைவில் சரிசெய்யப்படும்’ என்பது தீர்மானமே ஆகாது. ‘கிடங்குப் பொறுப்பாளர் வெள்ளிக்கிழமை மாலைக்குள் எடை இயந்திரத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்து, ரசீதை என்னிடம் தருவார்’ என்று எழுதினால், சனிக்கிழமை காலையில் யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். அடுத்த கூட்டத்தை இந்தப் பட்டியலை வாசித்துத் தொடங்குங்கள்.

கேள்வி (பெயர் வெளியிட விரும்பாதவர், மாட்டுத்தாவணி): கூட்டத்தைக் கூட்டுபவரே எங்கள் முதலாளிதான். அவரே பாதி நேரம் கைப்பேசியில் பேசிக்கொண்டிருக்கிறார். அவரிடம் இதைச் சொல்ல முடியுமா?

பதில்: அத்தனை பேர் முன்னிலையில் சொல்லாதீர்கள். வியாபாரத்தில் அவருக்கு அழைப்புகள் குறைவாக இருக்கும் நேரம் உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்த நேரத்துக்குக் கூட்டத்தை மாற்றலாமா என்று தனியாகக் கேளுங்கள். அவருடைய முடிவு தேவைப்படும் விஷயங்களை முதல் பத்து நிமிடத்தில் வைத்துவிட்டு, மீதியை நாங்களே பேசி எழுதித் தருகிறோம் என்றும் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான முதலாளிகள் இதற்கு மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்கள்.