பிறந்த குழந்தையின் மூச்சுத்திணறலுக்கு மரபணுவும் காரணமாகுமா?

ஆகும், அரிதாக. பிரைமரி சிலியரி டிஸ்கினீசியா அப்படி ஒரு பிறவிக் கோளாறு. மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் ஓயாமல் அசைந்து சளியை மேலே தள்ளுகின்றன. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலையில் குலைகளை மேலேற்றும் பட்டை நின்றால் எல்லாம் அடியிலேயே குவியும் அல்லவா? அப்படித்தான் மரபணுப் பழுதால் இழைகள் சரியாக அசையாதபோது சளி நுரையீரலில் தேங்குகிறது. நிறைமாதக் குழந்தைக்கும் பிறந்த ஓரிரு நாளில் மூச்சு வாங்கும், ஆக்சிஜன் தேவைப்படும்.

ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயம் வலப்பக்கம் இருக்கும். கருவில் உறுப்புகளை இடம், வலம் பிரிப்பதும் இதே போன்ற இழைகள்தான். இந்த இரண்டு அறிகுறியும் சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

"ரெண்டு வீட்டிலும் யாருக்கும் இல்லையே" என்று தோட்டத்துப் பெரியவர்கள் தாயின் சாப்பாட்டைக் குறை சொல்வார்கள். அது தவறு: பெரும்பாலும் பெற்றோர் இருவருமே பழுதான மரபணுவைச் சுமந்தபடி நலமாகத்தான் இருப்பார்கள், அப்படியானால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு.