ருவாண்டாவின் 51 பெண்கள்

மதிப்பிற்குரிய அம்மா,

ருவாண்டாவின் மக்களவையில் 80 பேரில் 51 பேர் பெண்கள் என்று படித்து மகிழ்ந்தேன். என் நண்பரோ, “அதிபர் சொன்னதற்குத் தலையாட்டும் அவையில் ஆண் இருந்தால் என்ன, பெண் இருந்தால் என்ன?” என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கா.

அன்புள்ள கா.,

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை. 2024 தேர்தலில் அதிபர் பால் ககாமே வாங்கிய வாக்கு 99 சதவீதத்துக்கும் மேல். அவரை எதிர்த்துப் போட்டியிட வந்த டயான் ருவிகாராவின் பெயர் 2017, 2024 இரண்டு முறையும் வேட்பாளர் பட்டியலில் ஏறவே இல்லை. இடையில் ஓராண்டு சிறையில் இருந்தார். பிறகு நீதிமன்றம் விடுவித்தது. அந்த 51 பேரிலும் 24 பேர் பெண்களுக்கென ஒதுக்கிய இடங்களில் வந்தவர்கள். அவர்களைப் பொதுமக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. உள்ளாட்சி மன்றங்களும் மகளிர் மன்றங்களும்தான் தேர்ந்தெடுக்கின்றன.

ஆனால் மீதிப் பாதிக்கு 1994க்குப் போக வேண்டும். இனப்படுகொலை ஓய்ந்தபோது எத்தனையோ வீடுகளில் ஆண் துணை இல்லை. வயலில் இறங்கி வேலை செய்தவர்கள் பெண்கள். வழக்கப்படி நிலம் ஆண் வாரிசுக்கு. கணவனைப் பறிகொடுத்தவள் விதைத்த நிலத்தை அவன் உறவினர்கள் வந்து கேட்டார்கள். இந்தக் கொடுமையிலிருந்துதான் மகளுக்கும் மகனுக்கும் சம வாரிசுரிமை தந்த 1999ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. (திருமணத்தைப் பதிவு செய்யாத மனைவிகளுக்கு அதனால் பயனில்லை. கிராமங்களில் அப்படிப்பட்டவர்களே ஏராளம்.) அன்று அவையில் பெண்கள் சிறுபான்மை. பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் சட்டத்தின் கதையும் இதுதான். அரசு கொண்டுவந்த மசோதா அல்ல அது. பெண் உறுப்பினர்கள், ஆண் உறுப்பினர்களையும் சேர்த்துக்கொண்டு, தாங்களே எழுதி அவைக்குக் கொண்டுவந்தார்கள். மனைவியைக் கணவன் வன்புணர்வதும் குற்றம் என்றது அது. 2008 தேர்தலுக்கு முன்பே நிறைவேறிவிட்டது.

அந்தத் தேர்தலில்தான் பெண்கள் 45 பேர் வந்தார்கள். உலகில் பெண்கள் பெரும்பான்மை பெற்ற முதல் நாடாளுமன்றம். நானும் அப்போது உங்களைப் போலவே மகிழ்ந்தேன்.

அடுத்த ஆண்டே புதிய தொழிலாளர் சட்டம் வந்தது. அதுவரை பிரசவ விடுப்பு 12 வாரமும் முழுச் சம்பளத்தோடு இருந்தது. புதிய சட்டப்படி ஆறு வாரம் முழுச் சம்பளம். அதற்கு மேலும் பிள்ளையோடு வீட்டில் இருக்க விரும்பினால் சம்பளத்தில் 20 சதவீதம்தான். இல்லையென்றால் ஆறு வாரக் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குத் திரும்ப வேண்டும். இதைச் செய்தது அந்த 45 பெண்கள் உட்கார்ந்திருந்த அவை! உங்கள் நண்பர் கைதட்டுவார், தட்டட்டும். ஆனால் முந்தைய இரண்டு சட்டங்களுக்கும் அவர் பதில் சொல்லட்டும். அவற்றுக்குப் பின்னால் நிலத்தையும் உடலையும் காக்கப் போராடிய பெண்களின் நெருக்குதல் இருந்தது. 2009இல் முதலாளிகளின் கணக்கு முந்திக்கொண்டது.

முழுச் சம்பளத்தை மீட்கும் சட்டம் 2016இல்தான் வந்தது. அதற்கு மூன்றாண்டு முன்பே, 2013 தேர்தலில், அவையில் பெண்கள் 51 பேர் ஆகிவிட்டிருந்தார்கள்.