நாய், பூனைகளைப் படம் எடுக்கத் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. வீட்டில் எல்லாரும் ‘சூப்பர்’ என்கிறார்கள். உண்மையான கருத்தை யாரிடம் கேட்பது?

வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். முகமே மங்கலாக விழுந்த ஒரு படத்துக்கு என் அம்மா திருஷ்டி கழித்திருக்கிறார்.

நீங்கள் போனில்தான் எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பிறகு கைமாறி வந்த ஒரு பழைய கேனானும் 50 மி.மீ. லென்ஸும் கிடைத்தன. பெரிய கேமரா வாங்கச் சொல்கிறான் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் தொழில்முறைப் படக்காரனும் இல்லை. யாங்கோனில் ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறவன்.

எங்கள் மணி தெருநாய்க் குட்டி. ஒரு மழைக்காலத்தில் மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கியவன், ஐந்து மாடி ஏறி வந்து எங்களோடு தங்கிவிட்டான். கரிக்கட்டை நிறம். அவனை எடுத்த படங்களில் நாற்பதைப் பிரிண்ட் போட்டுக்கொண்டு தெருமுனை ஸ்டூடியோ பாயிடம் போனேன். பாஸ்போர்ட் படமும் கல்யாணப் படமும் எடுத்தே தலை நரைத்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“தம்பி, உங்க நாய் என்ன நிறம்?”

“கறுப்பு பாய்.”

“இதுல சாம்பலா இருக்கே. குளிப்பாட்டி ரொம்ப நாளாச்சோ?”

கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். படங்களைக் கவரில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அப்புறம் இரண்டு வாரம் எதிர்ப்பக்க நடைபாதையில்தான் நடந்தேன். வளர்ந்த ஆளுக்கு இது அசிங்கம்தான், தெரியும். ஆனால் முதல் முறை அடி வாங்கும்போது நீங்களும் அப்படித்தான் நடப்பீர்கள்.

பாய் சொன்னது சரி என்பது பிறகுதான் விளங்கியது. கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் அது நடுச் சாம்பல் நிறம் என்றே கணக்குப் போடும். படம் நிறையக் கறுப்பு நாய் இருந்தால், ‘ஐயோ, இருட்டு’ என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடும், நாய் வெளுத்துப்போகும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, மைனஸ் ஒன்றுக்கு இறக்கினால் கறுப்பு கறுப்பாகவே விழும். வெள்ளைப் பூனைக்கு நேர் எதிராக, கூட்ட வேண்டும். போனில் என்றால் நாயின் மேல் விரல் வைத்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடை மட்டும் விட்டுவிடுங்கள். பூனையின் மீசையைப் பாதியில் வெட்டிவிடுகிறது.

ஆனால் பாய்க்கு வெளிச்சம் தெரியும், நாய் தெரியாது. நாயைப் பற்றிச் சொன்னவர் கீழ்வீட்டு பர்மாக்கார அக்கா. தினமும் விடியற்காலையில் தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர். நான் உருக்கமான படம் என்று நினைத்துப் பெரிதாக்கி மாட்டியிருந்ததைப் பார்த்ததும், “இவன் பயந்திருக்கிறானே” என்றார். காது பின்னால் ஒட்டியிருக்கிறது, கடைக்கண்ணில் வெள்ளை தெரிகிறது, மூக்கை நக்குகிறான். அத்தனையும் படத்தில் இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. மணியின் மூஞ்சிக்கு நேராக ஒரு பெரிய கறுப்புக் கண்ணை நீட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். இரண்டு நாள் கேமராவைத் தரையில் சும்மா வையுங்கள், அவனே வந்து மோந்து பார்க்கட்டும் என்றார்.

ஆகவே, நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு பேரிடம்: வெளிச்சம் தெரிந்த ஒருவர், நாய் பூனை தெரிந்த ஒருவர். நாற்பது படம் கொண்டுபோகாதீர்கள், ஐந்து போதும். ‘எப்படி இருக்கு’ என்றும் கேட்காதீர்கள்; அதற்கு ‘நல்லா இருக்கு’ என்பதைத் தவிர மரியாதையான பதில் கிடையாது. கண் தெளிவாக விழுந்திருக்கிறதா, ரோமம் தெரிகிறதா, இதில் எதைத் தூக்கி எறியலாம் என்று கேளுங்கள்.

சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் மட்டும் காட்டாதீர்கள். நான் மணியின் படம் அனுப்பினால், “பர்மாவிலதானே இருக்கே, ஒரு பர்மியப் பூனை படம் அனுப்பேன்” என்கிறார்கள். என் தெருவில் அந்தப் பூனை கிடையாது! இங்கிருந்து 1930-இல் வோங் மாவ் என்ற ஒரு பழுப்புப் பெண் பூனை சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனது. அதை வைத்து அமெரிக்காவில் உண்டாக்கிய இனம் அது. பிறகு வெளிநாட்டிலிருந்து திரும்பக் கொண்டுவந்து இங்குள்ள இன்லே ஏரிப் பக்கம் வளர்க்கத் தொடங்கினார்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் அடுத்த பொங்கல் வாழ்த்தோடு மறுபடி பூனை கேட்பார்கள். போகட்டும்.

எனக்குப் பிடித்த படம் கயிற்றால் கிடைத்தது. இங்கே மாடி வீடுகளில் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும், நுனியில் கிளிப், மேலே ஒரு சின்ன மணி. பேப்பர்காரர் கிளிப்பில் பேப்பரைச் செருகிவிட்டு இழுத்தால் மேலே மணி அடிக்கும். அந்தச் சத்தத்துக்கு எங்கள் மணி எங்கிருந்தாலும் பால்கனிக்கு ஓடிவருவான். ஒரு நாள் காலையில் தரையில் குப்புறப் படுத்துக் காத்திருந்தேன். மைனஸ் ஒன்று, ஷட்டர் 1/500 நொடி. காது இரண்டும் முன்னால் விறைத்து நிற்க, ரோமம் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது.

அதற்குள் பாய் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். படத்தைப் போனில் அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் மட்டும் திரும்பி வந்தது. அது பாய் போட்டதா, பேரன் போட்டதா என்று இன்னும் தெரியவில்லை.