சைக்கிள் பயணப் பதிவேடு: சில கேள்விகள், சில பதில்கள்

சைக்கிளில் சென்று வந்த ஒவ்வொரு நாளையும் கணினியில் பதிந்து வைக்கும் வழக்கத்தைப் பதினான்கு ஆண்டுகளாக விடாமல் பின்பற்றி வருகிறேன். அதைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு என்னால் இயன்ற அளவு இங்கே விடை தருகிறேன்.

கேள்வி: ஐயா, கைப்பேசிச் செயலியே எல்லாவற்றையும் சேமித்துவிடுகிறதே, தனியாக ஒரு பதிவேடு எதற்கு?

பதில்: நான் தொடக்கத்தில் நம்பியிருந்த ஒரு சேவை மூடப்பட்டபோது, மூன்று ஆண்டுப் பயணங்களில் தேதியும் தூரமும் மட்டுமே என் கைக்கு வந்தன; சென்ற வழித்தடங்கள் அனைத்தும் போய்விட்டன. அன்று முதல், பயணம் முடிந்த அன்றே அதன் ஜிபிஎக்ஸ் கோப்பை இறக்கி என் கணினியில் வைத்துவிடுகிறேன். ஒவ்வொரு புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் ஆகியவற்றை வெறும் எழுத்துகளாகவே வைத்திருக்கும் கோப்பு அது என்பதால், எந்தச் செயலி மறைந்தாலும் அதை வேறொன்றில் திறந்துகொள்ளலாம்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஒருமுறை பத்து நாள்களுக்குள் மூன்று தடவை பின்சக்கரம் பஞ்சரானது. ஒவ்வொரு முறையும் டியூபில் ஓட்டை எங்கே இருந்தது என்பதைக் குறிப்பு வரியில் எழுதியிருந்தேன்: "வால்விலிருந்து வலப்புறம் ஒரு சாண்." மூன்றும் ஒரே இடம் என்பதைப் படித்த பிறகே டயரைக் கழற்றி, அந்த இடத்தின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவினேன், கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய கம்பித் துணுக்கு விரலில் குத்தியது. இப்படிப்பட்ட வரியை எந்தச் செயலியும் நமக்காக எழுதித் தராது.

கேள்வி: பதிவேட்டு அட்டவணையில் என்னென்ன பத்திகள் வைக்க வேண்டும்?

பதில்: தேதி, எந்தச் சைக்கிள், தூரம், ஓடிய நேரம், குறிப்பு என்ற ஐந்தும் போதும். பத்திகள் பெருகினால் இரண்டாம் மாதமே சலிப்பு வந்துவிடும். தேதியை மட்டும் 2024-03-09 என்று ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் எழுதுங்கள். எந்த மென்பொருளில் அடுக்கினாலும் காலவரிசை குலையாது.

கேள்வி: ஹேண்டில்பாரில் உள்ள மீட்டர் ஒரு தூரமும் கைப்பேசி வேறொரு தூரமும் காட்டுகின்றன. எதை எழுதுவது?

பதில்: இரண்டும் அளக்கும் முறை வேறு. சக்கரத்தில் பொருத்திய சென்சார், சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்று எண்ணி, நீங்கள் உள்ளிட்ட சுற்றளவால் பெருக்குகிறது. 700×25 டயருக்குச் சுற்றளவு ஏறத்தாழ 2,105 மில்லிமீட்டர். 700×28 டயருக்கு ஏறத்தாழ 2,136. 25 டயரைக் கழற்றி 28 டயரைப் போட்டுவிட்டு மீட்டரில் அளவை மாற்ற மறந்தால், 100 கிலோமீட்டரில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் குறைவாகக் காட்டும். கைப்பேசியின் ஜிபிஎஸ்ஸோ புள்ளிகளை நேர்கோடுகளால் இணைப்பது. வளைவு மிகுந்த சாலையில் மூலைகளை வெட்டிக் குறைத்துவிடும், நின்றுகொண்டிருக்கும்போது புள்ளி அலைந்து சற்றுக் கூட்டியும் விடும்.

ஆகவே வழக்கமான காற்றழுத்தத்தில் சைக்கிள்மீது அமர்ந்தபடியே, தரையில் ஒரு கோடு போட்டு, வால்வு கீழே இருக்கத் தொடங்கி மீண்டும் கீழே வரும்வரை உருட்டி அளந்த சுற்றளவை உள்ளிடுங்கள். அப்படிச் சரிசெய்த மீட்டரையே நான் நம்புகிறேன். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஆண்டு முழுவதும் அதையே பின்பற்றுவது நல்லது.

கேள்வி: மாதச் சராசரி வேகத்தை எப்படிக் கணக்கிடுவது? ஒவ்வொரு பயணத்தின் சராசரியையும் கூட்டி வகுக்கிறேன்.

பதில்: அது தவறான விடையைத் தரும், அம்மா. அரை மணியில் 10 கிலோமீட்டர் சென்றால் வேகம் 20. இரண்டு மணியில் 30 கிலோமீட்டர் சென்றால் 15. கூட்டி வகுத்தால் 17.5 என்று வரும். உண்மையில் 40 கிலோமீட்டருக்கு இரண்டரை மணி ஆகியிருப்பதால் சராசரி 16தான். மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுங்கள்.

கேள்வி: மொத்தக் கிலோமீட்டரைத் தவிர வேறு நல்ல இலக்கு உண்டா?

பதில்: எடிங்டன் எண்ணை மனமாரப் பரிந்துரைக்கிறேன். வானியற்பியல் அறிஞர் ஆர்தர் எடிங்டன் தம் சைக்கிள் பயணங்களுக்கு வைத்திருந்த அளவுகோல் இது. சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு எழுதிய கடிதத்திலும் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். குறைந்தது 50 கிலோமீட்டர் சென்ற நாள்கள் 50 இருந்தால் உங்கள் எண் 50. அதை 60 ஆக்க இன்னும் பத்து நாள்கள் போதும் என்று தோன்றும். ஆனால் முன்பு 52, 55 என்று சென்ற நாள்கள் எதுவும் இப்போது கணக்கில் சேரா. ஒரே ஒரு நீண்ட பயணத்தால் இதை உயர்த்திவிட முடியாது என்பதே இதன் அழகு. மைலா கிலோமீட்டரா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், அலகு மாறினால் எண்ணும் மாறிவிடும்.

கேள்வி: வழித்தடங்களை நண்பர்களுடன் பகிரலாமா?

பதில்: பகிரலாம், வீட்டைச் சுற்றியுள்ள பகுதியை மறைத்த பிறகு. ஓட்டத்தையும் சைக்கிள் பயணத்தையும் பதியும் செயலியை நடத்தும் ஸ்ட்ராவா நிறுவனம், பயனர்களின் பாதைகளைத் திரட்டி 2017 நவம்பரில் வெளியிட்ட உலக வரைபடத்தில், பெயர்கள் நீக்கப்பட்டிருந்தும், ராணுவத் தளங்களில் வீரர்கள் ஓடிய பாதைகள் ஒளிக்கோடுகளாகத் தெரிந்தது 2018 ஜனவரியில் பெரும் செய்தியானது. நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே வாசலிலிருந்து புறப்படும் கோடு, நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தையும் சேர்த்தே சொல்லிவிடும்.

கேள்வி: 1998 முதல் நோட்டில் எழுதியவை என்னிடம் இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது?

பதில்: முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். பிறகு, அவசரமின்றி, நாளுக்கு ஒரு பக்கமாகத் தட்டச்சு செய்து, "நோட்டு" என்று மூலத்தைக் குறிக்கும் ஒரு பத்தியை மட்டும் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தூரம் எழுதாமல் விட்ட நாள்களை ஊகித்து நிரப்பாதீர்கள். அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும்.