பைபோலார் மாத்திரை எடுப்பவர்கள் வீட்டுக் கல்யாணம் போன்ற நாட்களை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தங்கை கல்யாணம் வருகிறது, பத்து நாளைக்குச் சாப்பாடும் தூக்கமும் நேரத்துக்கு இருக்காது, பைபோலாருக்கு, அதாவது மனநிலை அளவுக்கு மீறி ஏறியும் இறங்கியும் போகும் நோய்க்கு, லித்தியமும் இரவில் குவெட்டியாபினும் எடுக்கிறேன், யாரும் கவனிக்காதபடி எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சொந்தக்காரர்களுக்குத் தெரியாமல் மாத்திரை போடுகிறவர் என்று நினைக்கிறேன். அநேகமாகப் பெண்ணாக இருப்பீர்கள். கல்யாண வீட்டில் மூத்த பெண் ராத்திரி ஒன்பது மணிக்குப் படுத்தால் என்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும். நான் எடுப்பதும் அதே இரண்டு மாத்திரைதான் என்பதால் எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை, பள்ளிக்கூட டீச்சர். மாத்திரை அளவு ஆளுக்கு ஆள் மாறும், அதனால் என் அளவை இங்கே சொல்லப் போவதில்லை. "யோகா செய்தால் போதும், இங்கிலீஷ் மருந்து கிட்னியைக் கெடுக்கும்" என்று எழுத வருகிறவர்கள் தயவுசெய்து வேறு இடம் பாருங்கள். கிட்னிக்கும் தைராய்டுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

என் பதில் இதுதான். நாள் தலைகீழாகும்போது எல்லாவற்றையும் பிடித்து வைக்க முடியாது. மாத்திரை, ராத்திரித் தூக்கம், லித்தியம் எடுப்பதால் தண்ணீர், இந்த மூன்றை மட்டும் விடாதீர்கள். மற்றது முன்னே பின்னே ஆகட்டும்.

தூக்கத்தை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், எனக்கு இது தொடங்கியதே முதல் பிரசவத்துக்குப் பிறகு, ராத்திரி ராத்திரியாக விழித்திருந்த நாட்களில்தான். தூக்கம் குறைவது நோய் கிளம்புவதற்கு அடையாளம், பல சமயம் அதைக் கிளப்பிவிடுவதும் அதுதான். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் எலன் ஃபிராங்க் இதை வைத்தே ஒரு சிகிச்சை முறையை வளர்த்தெடுத்தார். எழும் நேரம், முதல் ஆளைப் பார்த்துப் பேசும் நேரம், சாப்பிடும் நேரம், படுக்கும் நேரம் இவற்றைத் தினமும் குறித்து ஒரே மாதிரி வைத்துக்கொள்வதுதான் அதன் அடிப்படை. என் டாக்டரம்மா அதைத்தான் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுத வைத்தார்.

இனி வெள்ளத்தைப் பற்றிச் சொல்கிறேன். கல்யாணத்தைக் கேட்டால் இவள் வெள்ளத்தைச் சொல்கிறாளே என்று நினைக்க வேண்டாம், நான் கற்றது எல்லாம் அங்கேதான்.

2023 டிசம்பர் 17, 18-ல் எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்று பயணிகள் மாட்டிக்கொண்டது அப்போதுதான். எங்கள் தெரு பள்ளமான இடம். ஞாயிறு சாயங்காலம் வாசல்படியில் இருந்த தண்ணீர் ராத்திரி கட்டில் காலைத் தொட்டுவிட்டது. மாடி வீட்டு அக்கா கதவைத் திறந்துவிட்டார். பிள்ளைகள், அத்தை, ரேஷன் கார்டு, அப்புறம் பீரோ மேல்தட்டில் இருந்த என் ஜிப் கவர். அந்தக் கவரில் என்ன இருந்தது என்று சொல்கிறேன், நீங்களும் ஒன்று வைத்துக்கொள்ளலாம்: கூடுதலாக வாங்கி வைத்த மாத்திரை அட்டைகள், டாக்டர் சீட்டின் நகல், ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு என்று காட்டும் கடைசி லெவல் ரிப்போர்ட். சீட்டின் பின்பக்கம் டாக்டரம்மா கைப்பட எழுதியிருந்தார்: "வாந்தி, பேதி வந்தால் லித்தியத்தை நிறுத்திவிட்டு உடனே கூப்பிடவும் அல்லது அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போகவும். வலி மாத்திரை வேண்டாம், பாராசிட்டமால் போதும்."

அந்த இரண்டு வரிதான் என்னைக் காப்பாற்றியது. கரண்ட் இல்லை, டவர் இல்லை, பக்கத்தில் எந்த மெடிக்கலும் திறக்கவில்லை. கட்டில், மெத்தை, சிலிண்டர் எல்லாம் மாடிக்குத் தூக்கியதில் இடுப்பு விட்டுப்போனது. மாடி அக்கா பிரியத்தோடு ஒரு வலி மாத்திரை கொடுத்தார். டைக்ளோஃபெனாக். இதுவும் ஐபுபுரூஃபனும் லித்தியம் உடம்பை விட்டு வெளியேறுவதைக் குறைத்து ரத்தத்தில் அளவை ஏற்றிவிடும். லித்தியத்தில் வேலை செய்யும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருப்பார்கள், 1.5-ஐத் தாண்டினால் அது விஷம். கை பெரிதாக நடுங்குவது, நாக்கு குழறுவது, நடை தள்ளாடுவது, வாந்தி, பேதி இதெல்லாம் அதற்கு அறிகுறி. "வேண்டாம்க்கா, எனக்குச் சேராது" என்று சொல்லிப் பாராசிட்டமால் போட்டுக்கொண்டேன்.

அதைவிடப் பெரிய பாடு குடிதண்ணீர். சுற்றிலும் கழுத்தளவு தண்ணீர் இருக்கிறது, குடிக்க இரண்டு கேன்தான். எல்லோரும் பிள்ளைகளுக்கு வேண்டும் என்று தொண்டையை நனைத்துக்கொள்கிற அளவுக்குத்தான் குடித்தார்கள். நான் அப்படி இருக்க முடியாது. உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் கிட்னி உப்பைப் பிடித்து வைக்கும், கூடவே லித்தியத்தையும் பிடித்து வைக்கும். என் வீட்டுக்காரர் தன் பங்கையும் என் டம்ளரில் ஊற்றினார். அத்தை உப்புக் கஞ்சி காய்ச்சித் தந்தார்.

ராத்திரி ஆனதும் எல்லோரும் மாடிப்படியில் டார்ச்சை அடித்துத் தண்ணீர் எத்தனையாவது படியில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "டீச்சர், நீங்களும் முழிச்சிருங்க, ஆள் வேணும்" என்றார் ஒருவர். என் வீட்டுக்காரர் எல்லார் முன்னாலும், "அவ மாத்திர போட்டுட்டு ஒறங்கணும், அவ முறையையும் சேத்து நா பாத்துக்கிடுதேன்" என்றார். ஏன் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. சேலையைக் காதோடு சுற்றிக்கொண்டு அடுக்களைத் தரையில் படுத்துத் தூங்கினேன். ஊரே வெள்ளத்தில் கிடக்கும்போது இவளுக்குத் தூக்கம் பெரிசா என்று யாராவது கேட்டால், ஆமாம், பெரிசுதான். அந்த வாரம் எனக்கு மனம் எகிறி நோய் கிளம்பியிருந்தால், வீடு இழந்து நிற்கிற குடும்பம் என்னையும் தூக்கிக்கொண்டு எந்த ஆஸ்பத்திரிக்கு அலைந்திருக்கும்? தண்ணீர் வடிந்து வீட்டைக் கழுவும் வரைக்கும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு.

சரி, உங்கள் கல்யாணத்துக்கு வருகிறேன். முகூர்த்தம் விடிகாலை என்றால் முந்தின ராத்திரிதான் சிக்கல். எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று பார்த்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். இரவு மாத்திரையை எவ்வளவு முன்னால் போடலாம் என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். குவெட்டியாபினை நடுராத்திரி போட்டுவிட்டு நாலு மணிக்கு எழுந்தால் மணையில் தங்கை பக்கத்தில் நிற்கக் கால் நிற்காது. மண்டபத்து ரூமில் படுக்காதீர்கள், மைக் செட்டுக்காரர் விடிவதற்கு முன்பே நாதஸ்வர ரெக்கார்டு போட்டுவிடுவார். மருதாணி ராத்திரிக்கு நீங்கள் இல்லாவிட்டால் ஒன்றும் குடி முழுகாது. சித்தி, மதினி யாராவது ஒருவருக்காவது விஷயம் தெரிய வேண்டும். யாரும் கவனிக்காதபடி என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் மட்டும் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. நீங்கள் வழக்கத்துக்கு மேல் பேசுகிறீர்கள், பணத்தை அள்ளி விடுகிறீர்கள், தூங்காமலே தெம்பாக இருக்கிறீர்கள் என்பது உங்களுக்கு முன்னால் அவர் கண்ணுக்குத்தான் படும்.

ஒரு வேளை மறந்துபோனால், சீக்கிரம் நினைவு வந்தால் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது. கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று உப்பில்லா விரதம் இருக்கச் சொல்வார்கள். லித்தியம் எடுக்கும் வரை அது உங்களுக்கு ஆகாது, வேறு நேர்த்திக்கடன் வைத்துக்கொள்ளுங்கள். லெவல் டெஸ்டை முந்தின வாரமே முடியுங்கள். கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு பயந்துபோய் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மருத்துவக் காப்பீடு எடுக்கப் போனோம். சர்க்கரை இருக்கிறது என்று எழுதிய அவருக்குப் பிரீமியத்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். பைபோலார் என்று உண்மையை எழுதிய எனக்குப் பாலிசியே கிடையாது என்றார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு, உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. 2018 ஆகஸ்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் சுற்றறிக்கையும் அனுப்பியது. மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, தினமும் வேலைக்குப் போய், வரி கட்டுகிறவளுக்கு இந்த நிலை. மறைத்து எழுதியிருந்தால் கொடுத்திருப்பார்களாம், அந்த ஏஜென்டே சொன்னார். கடிதம் எழுதியிருக்கிறேன், விடப் போவதில்லை.

கடைசியாக, இதே கேள்வியோடு வருகிறவர்களில் லாமோட்ரிஜின் எடுப்பவர்கள் இருந்தால்: தொடர்ந்து சில நாள் விட்டுப்போனால் பழைய அளவிலேயே திரும்பத் தொடங்காதீர்கள். தோலில் ஆபத்தான தடிப்பு வரலாம் என்பதால் குறைந்த அளவிலிருந்து மெல்ல ஏற்றுவார்கள். முதலில் டாக்டரிடம் பேசுங்கள். அவர் கிடைக்காத நேரத்தில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.