யூத வெறுப்பும் அமெரிக்கக் கட்சிகளும்

அன்புள்ள ஐயா,

நான் நீண்ட காலமாக நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். காசா போர் தொடங்கிய பிறகு இங்கே 'ஆன்டிசெமிட்டிசம்' என்ற சொல்லைக் கேட்காமல் ஒரு நாளும் கழிவதில்லை. இஸ்ரேலை யார் விமர்சித்தாலும் அவர் யூத வெறுப்பாளர் என்கிறார்கள். குடியரசுக் கட்சியினர் யூதர்களின் காவலர்களாகப் பேசுகிறார்கள்; என் யூத நண்பர்களில் பெரும்பாலோரோ அவர்களுக்கு வாக்களிப்பதில்லை. இந்தக் குற்றச்சாட்டு வாயடைக்கும் உத்தி மட்டும்தானா? கல்லூரியில் படிக்கும் என் மகள் பாலஸ்தீன ஆதரவுப் பேரணிகளுக்குச் செல்கிறாள். அவளிடம் என்ன சொல்வது?

ச., நியூ ஜெர்சி

அன்புள்ள ச.,

அமெரிக்காவில் யூத வெறுப்பு உண்மையானது, உயிர்களைப் பறித்திருப்பது. அந்தக் குற்றச்சாட்டு வாயடைக்கவும் பயன்படுகிறது என்பதும் உண்மை. இவ்விரண்டையும் ஒருசேரச் சொல்ல அங்குள்ள இரண்டு கட்சிகளுக்கும் மனம் வராததே நீங்கள் காணும் குழப்பத்தின் காரணம் என்று நினைக்கிறேன்.

2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் நகரத்தின் யூத வழிபாட்டுக் கூடத்தில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொலையாளிக்கு இஸ்ரேலைப் பற்றிய புகார் எதுவும் இருக்கவில்லை. அகதிகளுக்கு உதவும் யூத அமைப்பொன்று அமெரிக்காவுக்குள் 'படையெடுப்பாளர்களை'க் கொண்டுவருகிறது என்பதே அவன் வெறி. அதற்கு முந்தைய ஆண்டு சார்லட்ஸ்வில்லில் தீப்பந்தம் ஏந்தி நடந்த வெள்ளை இனவாதிகள் எழுப்பிய முழக்கமும் யூதர்கள் எங்கள் இடத்தைப் பிடிக்க விடமாட்டோம் என்பதுதான். 2025 மே மாதம் வாஷிங்டனில் யூத அருங்காட்சியகத்தின் வாசலில் இஸ்ரேலியத் தூதரக ஊழியர்கள் இருவரைச் சுட்டவனோ பாலஸ்தீன விடுதலை முழக்கம் எழுப்பினான். சில நாட்களில் கொலராடோவின் போல்டர் நகரில், ஹமாஸ் காசாவில் வைத்திருந்த பணயக் கைதிகளின் விடுதலை கோரி நடந்துகொண்டிருந்தவர்கள் மீது தீ வீசப்பட்டது. காயமடைந்த மூதாட்டி ஒருவர் பின்னர் இறந்தார். மக்கள்தொகையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள ஒரு சமூகம், மத அடிப்படையிலான வெறுப்புக் குற்றங்களில் பாதிக்கும் மேலானவற்றுக்கு இலக்காகிறது. இதை வாயடைக்கும் உத்தி என்ற ஒரே சொற்றொடரில் அடக்கிவிட முடியாது. காசா போர் தொடங்கிய 2023 அக்டோபரில் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஆறு வயது பாலஸ்தீனச் சிறுவன் ஒருவன் தன் வீட்டு உரிமையாளரால் குத்திக் கொல்லப்பட்டான் என்பதையும் இங்கேயே சேர்த்துச் சொல்லவேண்டும்.

இஸ்ரேல் ஆதரவு எப்போதும் குடியரசுக் கட்சியின் அடையாளமாக இருந்ததில்லை. 1948 மே 14 அன்று இஸ்ரேலை உடனடியாக அங்கீகரித்த ட்ரூமன் ஜனநாயகக் கட்சிக்காரர். சூயஸ் போருக்குப் பின் இஸ்ரேலை சினாயிலிருந்து வெளியேறச் செய்த ஐசன்ஹோவரும், பாலஸ்தீனப் பகுதிகளில் இஸ்ரேல் அமைத்த குடியேற்றங்களை முன்னிட்டு 1991இல் அந்நாட்டுக்கான 1,000 கோடி டாலர் கடன் உத்தரவாதத்தை நிறுத்திவைத்த மூத்த புஷ்ஷும் குடியரசுக் கட்சியினர். இஸ்ரேலை விவிலிய வாக்குறுதியாகக் காணும் இவாஞ்சலிகல் கிறித்தவர்களின் அரசியல் எழுச்சியும் இஸ்ரேலியப் பிரதமராக நெதன்யாகுவின் போக்கும் இந்த வரைபடத்தை மாற்றின. 2015இல் அதிபர் ஒபாமாவைக் கலந்துகொள்ளாமல், எதிர்க்கட்சியின் அழைப்பை ஏற்று அவர் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஈரானுடனான அணு உடன்பாட்டுக்கு எதிராகப் பேசியபோது, ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் அவைக்கு வரவில்லை. 2023 தொடக்கத்தில், ஹமாஸ் தாக்குதலுக்குப் பல மாதங்களுக்கு முன்பே, காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் ஜனநாயகக் கட்சியினரில் 49 விழுக்காட்டினர் பாலஸ்தீனர்கள் பக்கமும் 38 விழுக்காட்டினர் இஸ்ரேலியர் பக்கமும் பரிவு காட்டினார்கள். அக்டோபர் 7இன் படுகொலையும் அதைத் தொடர்ந்த காசாவின் பேரழிவும் ஏற்கெனவே விழுந்திருந்த விரிசலின் மீதே இறங்கின.

நீங்கள் சொல்லும் வாயடைப்பு எப்படி நடக்கிறது என்பதை ஒரு வரையறையின் கதையைக் கொண்டு விளக்கலாம். யூத வெறுப்பு என்றால் என்ன என்பதற்குச் செயல்முறை வரையறை ஒன்று 2005 வாக்கில் உருவானது. ஐரோப்பாவில் நிகழும் தாக்குதல்களைப் பதிவுசெய்வோர் ஒரே அளவுகோலைக் கையாளவேண்டும் என்பதே அதன் நோக்கம். அதைப் பன்னாட்டு யூத இன அழிப்பு நினைவுக் கூட்டமைப்பு 2016இல் ஏற்றுக்கொண்டது. அதனுடன் இணைந்த 11 எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை இஸ்ரேலைப் பற்றியவை. பிற நாடுகள் மீது வைக்கப்படுவது போன்ற விமர்சனம் யூத வெறுப்பாகாது என்று அதே ஆவணம் தெளிவாகக் கூறுகிறது. ஆனால் இஸ்ரேல் என்ற அரசின் இருப்பே ஓர் இனவாத முயற்சி என்று சொல்வதை அது எடுத்துக்காட்டுகளில் சேர்க்கிறது. 1948இல் வீட்டை இழந்த பாலஸ்தீனக் குடும்பத்தின் பேரன் தன் பாட்டியின் கதையைச் சொல்லும்போது இந்த வாக்கியத்துக்கு மிக அருகில் வந்துவிடுவான். அவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் கருவியாக இந்த ஆவணம் ஆகக்கூடாது என்று தொடர்ந்து எச்சரித்துவருபவர் அதை வரைந்தவர்களில் முதன்மையானவரான கென்னத் ஸ்டெர்ன். இஸ்ரேலிடம் பற்றுள்ள யூதர் அவர் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அந்த எச்சரிக்கையை மீறி, பல்கலைக்கழகங்கள் மீதான பாகுபாட்டுப் புகார்களில் இவ்வரையறையைக் கல்வித்துறை கருத்தில் கொள்ளவேண்டும் என்னும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 2024 மே 1 அன்று 320க்கு 91 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. எதிர்த்த 91 பேரில் 70 பேர் ஜனநாயகக் கட்சியினர். அவர்களில் ஒருவர் நியூயார்க்கின் மூத்த யூத உறுப்பினர் ஜெரி நாட்லர். பேச்சுரிமையைக் காரணம் காட்டினார். குடியரசுக் கட்சியின் 21 பேரும் எதிர்த்தார்கள். அவர்களுள் மார்ஜரி டெய்லர் கிரீன் போன்றோரின் காரணம் முற்றிலும் வேறு: யூதர்களே இயேசுவைக் கொன்றார்கள் என்று சொல்வதையும் அவ்வரையறை யூத வெறுப்பு என்கிறதே, அது நற்செய்தி நூல்களைக் குற்றமாக்கிவிடாதா என்று அவர்கள் கேட்டார்கள். ஒரே வாக்கெடுப்பில், ஒரே பக்கத்தில், நூற்றாண்டுகளாக யூதர்களைக் கொல்ல உதவிய பழியை விடமாட்டேன் என்பவர்களும், யூதர்களின் பெயரால் பேச்சுரிமையைப் பறிக்காதீர்கள் என்ற யூதரும் நின்றார்கள்.

வலதுசாரிகள் தம் வீட்டைப் பார்க்க மறுப்பதே எனக்கு மிகுந்த கவலை தருவது. வலதுசாரிச் சிந்தனைக் குழுவான ஹெரிடேஜ் அறக்கட்டளை 2024 அக்டோபரில் 'எஸ்தர்' என்ற பெயரில் யூத வெறுப்பை ஒழிக்கும் திட்டமொன்றை வெளியிட்டது. அதன் இலக்கு பாலஸ்தீன ஆதரவு இயக்கம்; வெள்ளை இனவாதத்தை அது ஏறக்குறையத் தொடவே இல்லை. ஓராண்டு கழித்து, யூத வெறுப்பை வெளிப்படையாகப் பேசும் நிக் ஃபுவென்டஸை வலதுசாரி ஊடகர் டக்கர் கார்ல்சன் நேர்காணல் செய்தபோது, கார்ல்சனைக் காத்துப் பேசியவர் அதே அறக்கட்டளையின் தலைவர். அதைத் தாங்காமல் உள்ளிருந்தோரே கிளர்ந்தார்கள் என்பதையும் குறிப்பிடவேண்டும்.

இடதுசாரிகளிடம் இருப்பது வேறு வகைக் குருட்டுத்தன்மை. அக்டோபர் 7இல் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்ட செய்தி வந்த சில நாட்களிலேயே, அதை எதிர்ப்புப் போராட்டம் என்று நியாயப்படுத்திய குரல்கள் அமெரிக்க வளாகங்களில் எழுந்தன. பல பத்தாண்டுகள் தோளோடு தோள் நின்ற தோழர்கள் தம்மைக் கைவிட்டதாக யூத முற்போக்காளர்கள் உணர்ந்தார்கள். ஜனநாயகக் கட்சியின் யூத செனட்டர் சக் ஷூமர் அந்த ஆண்டு நவம்பரில் அவையில் ஆற்றிய நீண்ட உரை இந்த வலியைப் பற்றியதே. நான்கு மாதம் கழித்து, 2024 மார்ச்சில், நெதன்யாகு அமைதிக்குத் தடை, இஸ்ரேல் புதிய தேர்தலை நடத்தவேண்டும் என்று அதே அவையில் சொன்னவரும் அவர்தான். உங்கள் யூத நண்பர்களில் பலர் இவ்விரு உரைகளிலும் தம்மைக் கண்டிருப்பார்கள்.

2025 மார்ச்சில் டிரம்ப் அரசு, யூத மாணவர்களைக் காக்கவில்லை என்று கூறி, கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கான 40 கோடி டாலர் நிதியை ரத்து செய்தது. மறுநாள், அங்கே பாலஸ்தீன ஆதரவுப் போராட்டத்தில் முன்நின்றவரும் கிரீன் கார்டு வைத்திருந்தவருமான மஹ்மூத் கலீல், எந்தக் குற்ற வழக்கும் இன்றிக் கைது செய்யப்பட்டு லூசியானாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஏப்ரலில், யூத மதத்தின் சீர்திருத்த, கன்சர்வேடிவ் மரபுகளின் அமைப்புகள் உள்ளிட்ட பல யூத அமைப்புகள் கூட்டாக அறிக்கை விட்டன: யூதரின் பாதுகாப்புக்கும் ஜனநாயகத்துக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது பொய்யான நிபந்தனை என்றன. சட்டத்தின் காப்பு ஒருவருக்குப் பறிபோகும் நாட்டில் அடுத்து யாருக்குப் பறிபோகும் என்பதை அவர்களின் வரலாறு அவர்களுக்குக் கற்பித்திருக்கிறது.

இனி உங்கள் மகள். காசாவில் 60,000க்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டதாக அங்குள்ள சுகாதார அமைச்சகம் சொல்கிறது. அதைக் கண்டு தெருவுக்கு வரும் பிள்ளையை நான் தடுக்கமாட்டேன். பேரணியில் தன் பக்கத்தில் நிற்பவர் எதைக் கண்டிக்கிறார் என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். நெதன்யாகு அரசு, குடியேற்றங்கள், அமெரிக்க ஆயுதங்கள் ஆகியவற்றைக் கண்டிப்பது அரசியல். 2025 ஜூலையில் இஸ்ரேலுக்கான ஆயுத விற்பனை ஒன்றைத் தடுக்கக் கோரிய தீர்மானத்துக்கு ஜனநாயகக் கட்சி அணியின் 27 செனட்டர்கள் வாக்களித்தார்கள். தன் வகுப்பு யூத மாணவியிடம் காசாவுக்கு நீ என்ன பதில் சொல்கிறாய் என்று ஒருவர் கேட்டால், அது யூத வெறுப்பு. அங்கே அவள் அந்த மாணவியின் அருகில் போய் நிற்கவேண்டும். அவளுடைய தோழர்களில் விசாவில் படிப்பவர்கள் இருந்தால் நிலைமை வேறு. கொலம்பியாவில் ஆய்வு செய்த இந்திய மாணவி ஒருவரின் விசா 2025 மார்ச்சில் ரத்தாகி, அவர் கனடாவுக்குச் செல்ல நேர்ந்தது. அத்தகைய பிள்ளைகள் பேரணிக்குச் செல்வதற்கு முன் குடிவரவுச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுவது நல்லது.